13 என்றால் தங்கமா?

பெரிய கடைகளின் வாசலில் நிற்கும் காவலர் ஒரு கறுப்பு மட்டையை நம் உடம்பின் மேல் ஓட்டிப் பார்க்கிறார். பெல்ட்டின் கொக்கி வந்ததும் அது கத்துகிறது. சாவிக்கொத்து வந்ததும் கத்துகிறது. கொக்கி பித்தளையா இரும்பா என்று அவர் கேட்பதில்லை; மட்டைக்கும் அது தெரியாது. உண்டா, இல்லையா என்று சொன்னால் அந்த வேலைக்குப் போதும். ‘சாவிதான் சார்’ என்று நாம் சொல்ல, அவர் தலையாட்ட, விஷயம் முடிந்துவிடும்.

இங்கிலாந்தில் அறுவடை முடிந்து உழுது போட்ட வயல்களில், நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர்களுக்கு அது போதாது. ரோமானியர்களும் சாக்ஸன்களும் வைக்கிங்குகளும் புழங்கிய மண் அது. அதோடு இருநூறு முந்நூறு வருடமாகக் குதிரை லாடம், கலப்பை ஆணி, துப்பாக்கிக் குண்டு, ஜிகினாத் தாள், பீர் டப்பா என்று உலோகக் குப்பை சேர்ந்த மண்ணும் அதுவே. மட்டை கத்தும் இடத்தையெல்லாம் தோண்டினால் பொழுது சாய்வதற்குள் ஒரு படி ஆணி சேரும். கால் முழம் ஆழத்தில் கிடப்பது என்ன, தோண்டலாமா விட்டுவிடலாமா என்று தோண்டாமலே தெரியவேண்டும். கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்தக் கருவி கண்ட வளர்ச்சியில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

2018-ல் சந்தைக்கு வந்த ஈக்வினாக்ஸ் 800 என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். மைன்லேப் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனியின் தயாரிப்பு. எடை 1.34 கிலோ. நீளக் கம்பின் நுனியில் 11 அங்குலத் தட்டு, கைப்பிடிக்கு மேல் சின்னத் திரை. தட்டுக்குக் கீழே உலோகம் வந்தால் காதில் ஒரு ஒலி கேட்கும்; திரையில் ஒரு எண் தெரியும். எண்கள் -9-லிருந்து 40 வரை. பூஜ்யமும் அதற்குக் கீழுள்ளவையும் இரும்பு. மேலே போகப்போக அலுமினியம், பித்தளை, செம்பு; உச்சியில் பெரிய வெள்ளிக்காசு. இப்படித்தான் கையேட்டைப் புரட்டியவுடன் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். வயலில் இறங்கியதும் 13 வருகிறது. ஆவலாகத் தோண்டினால் டப்பாவைத் திறக்கும் அலுமினிய வளையம். அடுத்த 13-லும் வளையம். அதற்கடுத்த 13-ஐப் பார்த்ததும் சலித்துப்போய் நடையைக் கட்டுகிறார் புதியவர். அந்த மூன்றாவது 13 ஒரு தங்க மோதிரமாக இருந்திருக்கலாம். கருவியில் பழுது ஒன்றுமில்லை. அதற்கு உண்மையிலேயே இரண்டும் ஒன்றுதான்.

காரணம், டிடெக்டர் உலோகத்தைப் ‘பார்ப்பதே’ இல்லை. தட்டுக்குள் இருக்கும் செம்புக்கம்பிச் சுருளில் நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசைமாறும் மின்னோட்டம் ஓடுகிறது. அதனால் எழும் காந்தப்புலமும் அதே வேகத்தில் மாறிக்கொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. மாறும் காந்தப்புலம் ஒரு கடத்தியைத் தொட்டால் அதில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-ல் ஃபாரடே காட்டினார். நம் வீட்டுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரும் அதே விதியில்தான் ஓடுகிறது. மண்ணுக்குள் கிடக்கும் காசுக்கு இணைப்பில்லை, கம்பியில்லை. ஆனாலும் அதன் உடம்புக்குள் மின்சாரம் வட்டமாகச் சுழலத் தொடங்குகிறது. சுழல் மின்னோட்டம் என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான். அந்தச் சுழல் தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை எழுப்புகிறது. தட்டில் உள்ள இரண்டாவது சுருள் காத்திருப்பது அதற்காக. ஆயிரம் வருடம் அசையாமல் கிடந்த வெள்ளிக்காசு ஒன்று, தட்டு தலைக்கு மேல் கடக்கும் அந்த அரை நொடி மட்டும் மின்காந்தமாகிப் பதில் சொல்லிவிட்டு மறுபடி காசாகிவிடுகிறது. யோசித்துப் பார்த்தால் புதையலைவிட இது பெரிய அதிசயம்.

அந்தப் பதிலில் என்ன செய்தி இருக்கிறது? மண்பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்க்கிறோமே, அதே சோதனைதான். தட்டிய ஒலி எவ்வளவு நேரம் நின்று அடங்குகிறது என்பதைக் கேட்கிறோம். மின்சாரம் எளிதாக ஓடும் பொருளில், அதுவும் கனமாகவும் பெரிதாகவும் இருந்தால், சுழல் மெதுவாக அடங்கும். மெல்லிய தகட்டில் எழுந்த உடனே செத்துவிடும். இந்த அடங்கும் நேரத்தைத்தான் கருவி அளக்கிறது. அதையே எண்ணாக மாற்றித் திரையில் போடுகிறது. பொருளின் கடத்துதிறன், பருமன், உருவம் மூன்றும் கலந்து பிறக்கும் ஒற்றை எண் அது. தங்கம் நல்ல கடத்திதான். ஆனால் இங்கிலாந்தில் 9 காரட் மோதிரம் மிகச் சாதாரணம். அதில் பாதிக்கு மேல் செம்பும் வெள்ளியும் பிறவும். கலப்பு உலோகமானதும் கடத்துதிறன் இறங்கிவிடும். மோதிரமும் மெல்லியது. கடைசியில் அது அடங்க எடுக்கும் நேரமும் அலுமினிய வளையம் அடங்கும் நேரமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மூன்று விஷயத்தைப் பெருக்கி ஒரு விடை தந்தால், விடையை வைத்துக்கொண்டு மூன்றையும் திரும்பப் பிரிக்க முடியாது. தங்கம் மட்டும் காட்டும் கருவி என்று யாராவது விற்க வந்தால், அவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லலாம்.

இரும்பு வேறு சாதி. அதில் சுழல் மின்னோட்டம் எழுவதோடு, இரும்பே காந்தப்புலத்தைத் தன்னுள் இழுத்துத் திரட்டிக்கொள்ளும். இந்த இரண்டு விளைவும் எதிரெதிரானவை என்பதால் ஆணியை மற்றவற்றிலிருந்து பிரிக்க முடிகிறது. அதற்கும் விலக்கு உண்டு. தட்டையான வாஷர், சோடா மூடி, வளைந்து துருவேறிய பெரிய ஆணி ஆகியவற்றில் சுழல் மின்னோட்டம் ஓங்கிவிடும். இரும்பு வெள்ளி வேடம் போட்டுக்கொண்டு வரும். ‘ஆணி பொய் சொல்லும்’ என்பது இந்தப் பொழுதுபோக்கில் முதலில் கற்கும் பாடம்.

ஆழத்துக்கு வருவோம். எவ்வளவு ஆழம் பார்க்கும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, அதற்குக் கிடைக்கும் பதில் எல்லோரையும் ஏமாற்றும். தட்டிலிருந்து விலக விலகக் காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் மெலிகிறது. காசிலிருந்து திரும்பி வரும் பதிலும் அதே கதியில் மெலிகிறது. போக மூன்று, வர மூன்று. ஆக ஆறாம் அடுக்கு. தட்டின் அளவைத் தாண்டிய ஆழங்களில், ஆழம் இரண்டு மடங்கானால் பதில் 64-ல் ஒரு பங்காகிவிடும் என்பது தோராயக் கணக்கு. கம்பெனிகள் மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போகாததற்கு இதுவே காரணம். இரண்டு மடங்கு சக்தியைச் செலவழித்தாலும் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு விரல்கடை ஆழம். ஒற்றைக் காசுக்கு ஒரு அடி ஆழம் என்பதே நல்ல வேட்டை. புதியவர்கள் தட்டை வீசும்போது இரண்டு ஓரத்திலும் கை தானாக மேலே எழும்பிவிடும். தட்டு 5 சென்டிமீட்டர் தூக்கிப்போனால், காசுபணம் கொடுத்து வாங்கிய நவீனத் திறனின் பெரும்பகுதி காற்றில் போயிற்று. அதனால்தான் பழகியவர்கள் புல்வெட்டுபவரைப் போலத் தட்டைத் தரையோடு தரையாக, ஒவ்வொரு வீச்சிலும் முந்தைய வீச்சின் பாதியை மறுபடி தொட்டுக்கொண்டு, மெதுவாக நடக்கிறார்கள்.

இத்தனைக்கும் இன்னும் மண்ணைப் பற்றிப் பேசவில்லை. டிடெக்டரின் உண்மையான எதிரி மண்தான்.

மண் வெறும் மண் அல்ல. அதில் மாக்னடைட், மாகெமைட் என்ற இரும்பு ஆக்ஸைடுகள் பொடியாகக் கலந்திருக்கின்றன. மாக்னடைட்டை நமக்குத் தெரியும்: கடற்கரை மணலில் காந்தத்தைப் புரட்டினால் கறுப்பு மீசைபோல ஒட்டிக்கொண்டு வருமே, அதில் பெரும்பாலும் இருப்பது. தட்டின் காந்தப்புலத்துக்கு இந்தப் பொடியும் பதில் சொல்கிறது. ஒரு காசின் பதிலைவிட மண்ணின் பதில் பல மடங்கு உரக்கக் கேட்பது சாதாரணம். ஆகவே கருவியைத் திறந்தவுடன் செய்யவேண்டிய முதல் காரியம், உலோகம் இல்லாத ஒரு துண்டு நிலத்தில் நின்று, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு தட்டைத் தரைக்கு மேல் ஏற்றி இறக்குவது. அந்தச் சில நொடிகளில் கருவி ‘இந்த ஊர் மண்ணின் குரல் இது’ என்று குறித்துக்கொண்டு, பிறகு வரும் எல்லாப் பதிலிலிருந்தும் அதைக் கழித்துவிடுகிறது. டிடெக்டர் உலோகத்தைத் தேடுகிறது என்பதைவிட, மண்ணைக் கழித்துக் கழித்து மிச்சமிருப்பதை நம் காதில் போடுகிறது என்பதே சரி.

மைன்லேப் ஏன் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில், 1985-ல் பிறந்தது என்பதற்கும் இங்கேதான் விடை. அங்குள்ள தங்கவயல்களின் சிவந்த மண், உலகத்திலேயே டிடெக்டர்களைத் திணறடிக்கும் மண்களில் ஒன்று. 1980-ல் விக்டோரியா மாநிலத்தின் கிங்கவர் அருகே, டிடெக்டர் வைத்துத் தேடிய ஒருவருக்கு 27 கிலோ எடையுள்ள ஒரே தங்கக்கட்டி கிடைத்தது. ஏறத்தாழ ஒரு அடி ஆழத்தில்தான் இருந்தது. கைக்கெட்டும் ஆழத்தில் இன்னும் எவ்வளவோ கிடக்கிறது, இந்த மண்ணின் சத்தத்தைத் தாண்டிக் கேட்க முடிந்தால் போதும் என்று எல்லோருக்கும் தோன்றியது. ப்ரூஸ் கேண்டி என்ற இயற்பியலாளர் மைன்லேபில் உட்கார்ந்து அதற்குத்தான் வழி தேடினார்.

ஒரு வழி, துடிப்புமுறை. தொடர்ந்து மின்சாரம் ஓட்டாமல் ஒரு துடிப்பு அனுப்பி, சட்டென்று நிறுத்தி, சில மைக்ரோநொடி பொறுத்துப் பிறகு கேட்பது. மண்ணின் பதில் பெரும்பாலும் துடிப்போடு நின்றுவிடும்; உலோகத்தில் சுழல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் செம்மண்ணில் ஒரு விசித்திரம். அதிலுள்ள மிகமிகச் சின்னக் காந்தத் துகள்கள் உடனே அடங்குவதில்லை. அவையும் உலோகம்போலக் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டே அடங்குகின்றன. ஆயினும் அடங்கும் விதம் வேறு. உலோகத்தின் பதில், சம இடைவெளிகளில் சம விகிதமாகக் குறைந்து மறைகிறது. மண்ணின் பதில், நேரம் இரண்டு மடங்கானால் பாதி, நான்கு மடங்கானால் கால் என்று நெடுநேரம் வால் விட்டுக்கொண்டு குறைகிறது. இரண்டுமே மறதிதான், மறக்கும் பாணி வேறு. அந்தப் பாணியைப் பல்வேறு நீளத் துடிப்புகளால் ஒப்பிட்டுப் பிரிக்கும் கருவியை 1990-களில் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே நூறு தடவை தேடிச் சலித்த வயல்கள் மறுபடி தங்கம் கொடுக்கத் தொடங்கின.

இன்னொரு வழிதான் ஈக்வினாக்ஸில் இருப்பது: ஒரே சமயத்தில் பல அதிர்வெண்கள். கனமான வெள்ளிக்காசு 5 கிலோஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்ணில் நன்றாகப் பதில் சொல்லும். மெல்லிய தங்கச் சங்கிலிக்கு 40 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். பழைய கருவிகள் ஏதாவது ஒன்றில் ஓடும். எதைத் தேர்ந்தாலும் மற்றதை இழப்போம். புதியவை எல்லாவற்றையும் கலந்து அனுப்பி, திரும்பி வருவதைப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. கடற்கரையில் இதன் அருமை தெரியும். ஈர மணலில் உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துகிறது. கறுப்பு மணல் காந்தமாகிறது. ஓர் அதிர்வெண் இருந்தால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கழிக்க முடியும். இரண்டு தெரியாக் கணியங்களுக்கு இரண்டு சமன்பாடு வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கே வேலை செய்கிறது.

மண்ணை, அல்லது மண்ணின் இடத்தில் இருப்பதைக் கழிக்கத் தவறினால் என்னாகும் என்பதற்கு இந்தக் கருவியின் பிறப்பிலேயே ஒரு கதை உண்டு. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை ஒருவன் சுட்டான். குண்டு உடம்புக்குள் எங்கோ தங்கிவிட்டது. எக்ஸ்-ரே வர இன்னும் 14 வருடம் இருந்தது. தொலைபேசியைக் கண்டுபிடித்துப் புகழோடு இருந்த கிரஹாம் பெல், இரண்டு சுருளையும் ஒரு தொலைபேசி ரிசீவரையும் இணைத்துக் குண்டு தேடும் கருவியொன்றைச் செய்தார். உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு, அதை இன்னும் உடம்பில் சுமந்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களிடம் சோதித்தபோது அது சரியாகவே வேலை செய்தது. வெள்ளை மாளிகையில் அதிபரின் படுக்கையருகே நின்று காதில் வைத்துக் கேட்டால், எங்கே வைத்தாலும் லேசாக ஒரு முனகல். பிறகு விசாரித்ததில்தான் மெத்தைக்கு அடியில் இன்னொரு மெத்தை, எஃகுக் கம்பியால் பின்னியது, இருந்தது தெரிந்தது. போதாக்குறைக்குத் தலைமை மருத்துவர் பிளிஸ், குண்டு வலப்பக்கம்தான் என்று முடிவுகட்டி அந்தப் பக்கத்தை மட்டுமே தேட விட்டார். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் இருந்தது. அழுக்கு விரலும் கருவியும் விட்டுக் காயத்தைக் கிளறியதால் வந்த சீழ்தான் கொன்றது என்பது இன்றைய மருத்துவர்கள் பலரின் கருத்து. ஆகவே பெல்லின் கருவி வென்றிருந்தாலும் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கருவி தோற்றதாகவும் சொல்ல முடியாது. கம்பி மெத்தையில் உலோகம் இருந்தது, இருக்கிறது என்றது.

பெல் காதால் கேட்டார். 140 வருடம் கழித்து, திரையும் எண்ணும் வந்தபிறகும், கைதேர்ந்தவர்கள் திரையை அதிகம் பார்ப்பதில்லை, ஹெட்ஃபோனைத்தான் நம்புகிறார்கள். எண் என்பது கருவி எடுத்த முடிவு. ஒலியில் முடிவு எடுப்பதற்கு முந்தைய தயக்கமும் சேர்ந்து கேட்கும். எண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் காட்டும். தட்டுக்கடியில் காசும் ஆணியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் இரண்டின் சராசரியாக ஒரு அர்த்தமில்லாத எண் வந்து நிற்கும். காதுக்கு அந்த இரண்டும் தனித்தனியாகக் கேட்கும், கேட்கப் பழகியிருந்தால்.

ஒரே ஒரு குழியைக் கூடவே நின்று பார்க்கலாம். தட்டு இடமிருந்து வலம் போகும்போது ஒரு சின்னக் கீச்சு. திரும்பி வரும்போது இல்லை. திரையில் 9, அப்புறம் 14, அப்புறம் ஒன்றுமில்லை. புதியவர் இதை ஆணி என்று தள்ளிவிடுவார். பழகியவர் நின்றுவிடுகிறார். வீச்சைச் சுருக்கி, ஒரு சாண் அகலத்துக்குள் தட்டை ஆட்டுகிறார். பிறகு குதிரைலாடப் படம் போட்ட பொத்தானை அழுத்துகிறார். அதுவரை ஊமையாக்கி வைத்திருந்த இரும்பு ஒலிகள் திறந்துகொள்கின்றன: தடித்த குரலில் ஓர் உறுமல், அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அதே கீச்சு. இப்போது குறியைச் சுற்றி நடந்து, முதலில் நின்ற திசைக்குக் குறுக்காக வந்து நின்று மறுபடி ஆட்டுகிறார். ஆணி மட்டும் என்றால், நீளவாட்டில் கீச்சியது குறுக்குவாட்டில் உடைந்து உறுமலாகிவிடும். இங்கே உறுமல் விலகிப்போகிறது, கீச்சு அதே இடத்தில் நிற்கிறது. அப்படியானால் இரண்டு பொருள். மண்வெட்டியால் மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீல்போல விட்டு, புல்லோடு மண்கட்டியைத் திறக்கிறார். கையடக்கமான குட்டி டிடெக்டரைக் குழியின் சுவரில் தடவுகிறார். முதலில் வருவது சதுரத்தலை ஆணி. அடுத்து வரும் மண்ணுருண்டையை விரலால் நசுக்கினால், பிறைபோல ஒரு பாதி வெள்ளிக்காசு. உடைந்த காசு அல்ல. இடைக்கால இங்கிலாந்தில் அரைப் பென்னி தேவைப்பட்டால் முழுப் பென்னியைப் பின்பக்கச் சிலுவைக் கோட்டின் வழியே வெட்டிக்கொள்வது வழக்கம். காகிதம்போல மெல்லிய அந்தப் பாதி வெள்ளிக்கு உச்சி எண் வருமென்று கையேட்டை நம்பிக் காத்திருந்தால் வராது.

இந்தப் பழக்கத்துக்குக் குறுக்குவழி இருப்பதாகத் தெரியவில்லை. சிலர் கொல்லையில் பல ஆழங்களில் தெரிந்த காசுகளைப் புதைத்து, பக்கத்திலேயே ஆணியும் புதைத்து, அதன் மேல் தட்டை ஓட்டி ஓட்டிக் காதைப் பழக்குகிறார்கள். அமைப்புகளில் கை வைக்காமல் முதல் சில வாரம் கத்துவதையெல்லாம் தோண்டு என்பது பெரியவர்கள் சொல்லும் யோசனை. தோண்டிப் பார்த்த ஒவ்வொரு குப்பையும் ஒரு ஒலிக்கு அர்த்தம் சொல்லிக்கொடுக்கும். புதியவர் செய்வது இதற்கு நேர்மாறு. உணர்திறனை உச்சத்துக்கு ஏற்றுகிறார். மண்ணும் தூரத்து மின்கம்பியும் சேர்ந்து ஓயாமல் சலசலக்கின்றன. ஆணி மண்டிய இடத்தில், ஒரு பொருளை விட்டு அடுத்ததற்குக் கருவி எவ்வளவு சீக்கிரம் தயாராக வேண்டும் என்ற அமைப்பைக் கூட்டவேண்டும். கூட்டினால் ஆழம் குறையும். அவர் குறைத்து வைத்துக்கொண்டு ஆழம் தேடுகிறார். பெரிய ஆணி ஒன்றின் முனகலுக்குள் பக்கத்துக் காசு காணாமல் போகிறது.

கருவியைவிடக் காதும் காலும் பெரிது என்று சொல்பவர்கள் 2009 ஜூலை 5-ஐக் காட்டுவார்கள். அன்று ஸ்டாஃபோர்ட்ஷயரில், ஹாமர்விச் கிராமத்துக்குப் பக்கத்து வயலில், டெரி ஹெர்பர்ட் என்பவர் தம் பழைய டிடெக்டரோடு நடந்தார். ஆங்கிலோ-சாக்ஸன் காலத்துப் பொன்வேலைப்பாடுகளின் மிகப்பெரிய குவியல் அவர் காலடியில் கிடந்தது: ஏறத்தாழ நான்கு கிலோ தங்கம், வாள்பிடி அலங்காரங்கள், செந்நிற மணிக்கல் பதித்த துண்டுகள். 32.85 லட்சம் பவுண்டு என்று மதிப்பிட்டு, அவருக்கும் நிலத்துக்காரருக்கும் பாதிப்பாதி. பளபளக்கும் புதுக்கருவி அங்கே தேவைப்படவில்லைதான். ஆனால் இந்தக் கதையை நான் அவ்வளவாக நம்பி எடுத்துக்காட்ட மாட்டேன். ஏர் உழுது மேலே கொண்டுவந்த கிலோக்கணக்கான தங்கத்துக்கு எந்தக் கருவியும் கத்தும். ஆணிக்கடியில் கிடக்கும் பாதிப் பென்னிதான் கருவிக்கும் ஆளுக்கும் சரியான பரீட்சை.

எனக்குப் பிடித்தது 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸன் கிராமத்தில் நடந்தது. ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். எரிக் லாஸ் என்ற நண்பர் அதைத் தேடித்தர டிடெக்டரோடு வந்தார். வந்தது ரோமானியப் பொன்வெள்ளிக் காசுகள். எண்ணி முடித்தபோது ஏறத்தாழ 15,000. லாஸ் கொஞ்சம் அள்ளியதும் நிறுத்திவிட்டார். மீதியைத் தொடாமல் தகவல் சொல்லி அனுப்பினார். அதனால் தொல்லியலாளர்கள் வந்து, மரப்பெட்டிக்குள் எது எங்கே அடுக்கப்பட்டிருந்தது என்பதுவரை பதிவுசெய்ய முடிந்தது. நிறுத்துவதற்கான பொத்தான் எந்த டிடெக்டரிலும் கிடையாது. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பிரிட்டனின் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, கண்டெடுத்தவர் 14 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் ஆன்லைனில் டிடெக்டர் வாங்கி ஆற்றுப்படுகைக்குக் கிளம்பும் ஆசை உள்ளவர்கள், 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருப்பதை அறிந்துகொள்வது நல்லது. மண்ணில் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டரிடம் எழுதிக்கொடுத்துத் தெரிவிக்கவேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிற்பங்களில் பல அந்தச் சட்டத்தின் வழியாக வந்து சேர்ந்தவை.

ஆணியை ஊமையாக்கும் பொத்தான், எண், விட்டுவிட்டு நடக்கும் சுதந்திரம் எல்லாம் தப்பினாலும் நஷ்டமில்லாத இடத்தில்தான் செல்லும். கண்ணிவெடி தேடும் இடத்தில் செல்லாது. இரண்டாம் உலகப் போரின்போது ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்து நாட்டு அதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி, ஓர் ஆள் தூக்கிச்செல்லும் கண்ணிவெடி டிடெக்டரை வடிவமைத்தார். 1942-ல் எல் அலமெய்ன் சண்டையில் அப்படிப்பட்ட 500 கருவிகள் பாலைவனத்தில் இறங்கின. அப்போது கண்ணிவெடியின் உடம்பே பெரும்பாலும் எஃகு. டிடெக்டர் வந்தபிறகு வெடி செய்பவர்கள் பலர் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். இலங்கையின் வடக்கில் புதைக்கப்பட்ட மிதிவெடிகளில் பல அந்த வகை. உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக், உள்ளே ஊசியும் வெடிதூண்டிக் குப்பியுமாகக் கொஞ்சூண்டு உலோகம். அதே மண்ணில் வருடக்கணக்கான ஷெல் சிதறல். சிதறலின் ஒலியும் மிதிவெடியின் ஒலியும் ஒன்றுபோலவே இருக்கும். 13-க்கும் 13-க்கும் வித்தியாசம் தெரியாத அதே கணக்கு.

ஆகவே அங்கே எந்த ஒலியையும் தள்ளிவிட முடியாது. கத்தியது ஒவ்வொன்றையும் மிதிவெடி என்றே வைத்துக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டி நெருங்கவேண்டும். முகமாலை போன்ற பழைய முன்னரங்கப் பகுதிகளில் அந்த வேலையைச் செய்பவர்களில் கணிசமானோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். போரில் கணவரை இழந்தவர்களும் உண்டு. காலையில் பாதைக்குள் காலெடுத்து வைக்கும் முன், மிதிவெடியில் உள்ள அளவு உலோகம் வைத்த ஒரு மாதிரித்துண்டை உரிய ஆழத்தில் வைத்து டிடெக்டரைச் சோதிக்கிறார்கள். இடைவேளைக்குப் பிறகு மறுபடி சோதனை. அது கத்தாவிட்டால் கருவி உள்ளே போகாது. சிதறல் மிக அதிகமான இடங்களில் டிடெக்டரையே ஓரமாக வைத்துவிடுகிறார்கள். நீளக் காம்பு வைத்த இரும்பு வாரியால், குறித்த ஆழம் வரை மண்ணை முழுவதும் வாரி வாரி எடுக்கிறார்கள். வடக்கின் இளகிய மண்ணுக்குத் தோதாக இலங்கையில் வளர்த்தெடுத்த முறை அது. அதற்கு மண்ணைக் கழிக்கும் கணக்கும் வேண்டாம், பல அதிர்வெண்ணும் வேண்டாம். ஒரு சதுர மீட்டருக்கு ஆகிற நேரம்தான் அதிகம்.